விளக்கைப் போட்டது யார்?

கேள்வி: ஐயா, கும்பகோணத்துக்குப் பக்கத்தில் ஒரு பழைய ஓட்டு வீட்டில் இருக்கிறோம். மாமியாருக்கு 76 வயது, இரண்டு முழங்காலிலும் மூட்டுவலி. அவர் படுக்கும் அறையில் சுவிட்ச் போர்டு கதவோரம் இருக்கிறது. ராத்திரி எழுந்தால் இருட்டில் தடவிக்கொண்டே அங்கே போக வேண்டும். அதனால் ரிமோட்டில் இயங்கும் பிளக் செட் ஒன்றை ஆன்லைனில் வாங்கினோம். மூன்று பிளக், ஒரு ரிமோட். ஒன்றில் அவருடைய மேசை விளக்கை மாட்டினோம். மூன்று வாரம் நன்றாக இருந்தது. இப்போது வாரத்தில் மூன்று நான்கு நாள், விடியற்காலை நாலரை மணி வாக்கில் விளக்கு தானாகவே எரிகிறது. ரிமோட் மாமியாரின் தலையணைக்கு அடியில்தான் இருக்கிறது. "உன் மாமனார்தான் வந்து போட்டுட்டுப் போறார். அவர் எழுந்திருக்கிற நேரம் அது" என்கிறார். மீதி இரண்டு பிளக்கை கொல்லைப்புற மோட்டாருக்கும் பாத்ரூம் ஹீட்டருக்கும் போடலாம் என்று கணவர் சொல்கிறார். போடலாமா? கரண்ட் பில் ஏறுமா?

— ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: மாமனார் விஷயத்தில் நான் தலையிட மாட்டேன் அம்மா. ஆனால் அவர்மேல் பழி போடுவதற்கு முன்னால் விசாரிக்க வேண்டியவர்கள் மூன்று பேர் இருக்கிறார்கள். தலையணை, பக்கத்து வீடு, ஈ.பி.

தலையணையை முதலில் பார்த்துவிடலாம். இந்த ரிமோட்டுகளில் பட்டன் மேலே துருத்திக்கொண்டிருக்கும், மெல்லத் தொட்டாலே வேலை செய்யும். விடியற்காலையில் தூக்கம் லேசாகி மனிதர்கள் புரண்டு படுக்கிற நேரத்தில் தலையின் பாரம் முழுக்க அந்தப் பட்டன் மேல் இறங்கும். நான்கு நாள் ரிமோட்டை தலையணைக்கு அடியில் வைக்காமல் கட்டில் காலில் கயிறு கட்டித் தொங்கவிட்டுப் பாருங்கள். அப்போதும் எரிந்தால் தலையணைக்கு விடுதலை.

எனக்கு அதன்மேல் பெரிய சந்தேகம் இல்லை. காரணம், நீங்கள் போகிற போக்கில் எழுதியிருக்கும் ஒரு வரி: "மூன்று வாரம் நன்றாக இருந்தது." தலையணை முதல் நாளிலிருந்தே அங்கேதான் இருக்கிறது. மூன்று வாரம் கழித்துப் புதிதாக என்ன வந்தது? உங்கள் கடிதம் மார்கழி பிறந்து பத்து நாளில் எழுதியது. நாலரை மணிக்கு எழுந்து, வாசல் விளக்கைப் போட்டுக் கோலம் போடுகிறவர்கள் உங்கள் தெருவில் எத்தனை பேர்? அதில் யாராவது ஒருவர், இதே மாதிரி ஒரு செட்டை அண்மையில் வாங்கியிருக்கிறாரா?

சிரிக்காதீர்கள். டி.வி. ரிமோட் அனுப்புவது கண்ணுக்குத் தெரியாத ஒளி. குறுக்கே சுவர் வந்தால் அதோடு சரி. உங்கள் கையில் இருப்பது ரேடியோ. இந்த வகை பிளக்குகள் பெரும்பாலும் 433 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் பேசுகின்றன. வயர்லெஸ் காலிங் பெல், கேட் ரிமோட் என்று இன்னும் பல சாமான்கள் ஓடுவதும் அதே அலைவரிசையில்தான். உங்கள் வீட்டுச் சுவரைத் தாண்டுகிற அலை பக்கத்து வீட்டுச் சுவரையும் தாண்டும். யாருடைய ரிமோட் யாருடைய விளக்கைப் போடுகிறது என்று குழம்பாமல் இருக்க, பட்டனை அமுக்கும்போதெல்லாம் ரிமோட் ஓர் எண்ணையும் சேர்த்துச் சொல்கிறது. பிளக் அந்த எண்ணைக் கேட்டால்தான் அசையும். இப்போது பரவலாக வரும் சிப்பில் இந்த எண் 20 பிட், அதாவது பத்து லட்சத்துக்கும் அதிகமான எண்கள். இரண்டு வீட்டுக்கு ஒரே எண் வருவது லாட்டரி விழுகிற மாதிரி. ஆனால் பழைய, மலிவான வகையில் எண்ணை நாமே குட்டிக் குட்டிச் சுவிட்சுகளைத் தள்ளி அமைத்துக்கொள்ள வேண்டும். யாரும் அமைப்பதில்லை. தொழிற்சாலையில் இருந்து வந்த எண்ணிலேயே எல்லா வீட்டிலும் ஓடிக்கொண்டிருக்கும்.

கண்டுபிடிக்க ஒரு வழி சொல்கிறேன். நாலரைக்கு எரிந்த விளக்கை அணைக்காமல் விட்டுவிடுங்கள். கோலம் போட்டு முடிகிற நேரத்தில், ஐந்து ஐந்தேகாலுக்கு, தானாகவே அணைகிறதா? அணைந்தால் சந்தேகமே வேண்டாம். வாரத்தில் மூன்று நான்கு நாள் மட்டும் எரிவதற்கும் இதில் பதில் இருக்கிறது. தூரம் எல்லைக்கோட்டில் இருந்தால், அவர் ரிமோட்டைப் பிடிக்கிற கோணம், நடுவில் நிறுத்தியிருக்கும் கார், இதெல்லாம் சேர்ந்து ஒருநாள் எட்டும், ஒருநாள் எட்டாது.

சரிசெய்வது எளிது. ரிமோட்டின் பேட்டரி மூடியைத் திறந்து பாருங்கள். உள்ளே பல் வரிசை மாதிரி சின்னச் சுவிட்சுகள் இருந்தால், பிளக்கின் பின்பக்கமும் அதே வரிசை இருக்கும். இரண்டிலும் ஒரே மாதிரி இரண்டு மூன்றை இடம் மாற்றுங்கள். பிளக்கைச் சுவரிலிருந்து கழற்றிவிட்டுத்தான் இதைச் செய்ய வேண்டும். பல் வரிசை இல்லையென்றால் பிளக்கின் மேலேயே ஒரு பட்டன் இருக்கும். அதை நீளமாக அமுக்கிப் பழைய எண்ணை அழித்துவிட்டு உங்கள் ரிமோட்டை மறுபடி பழக்க வேண்டும். எத்தனை விநாடி என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும், கூட வந்த தாளில் இருக்கும். இரண்டுமே இல்லாத செட் என்றால், திருப்பிக் கொடுக்க நாள் மிச்சமிருக்கிறதா என்று பாருங்கள்.

மூன்றாவது ஆள் ஈ.பி. விடியற்காலையில் கரண்ட் ஒரு நொடி போய் வந்தால், தூங்குகிறவர்களுக்குத் தெரியாது. சில பிளக்குகள் கரண்ட் திரும்பியதும் ஆன் நிலையிலேயே விழித்துக்கொள்ளும். விளக்கை ரிமோட்டில் அணைத்துவிட்டு, சுவரில் இருக்கும் சுவிட்சை ஆஃப் செய்து, பத்து எண்ணி, மறுபடி போடுங்கள். விளக்கு எரிந்தால் இவர்தான்.

இந்த மூன்றில் யாராக இருந்தாலும் உங்களுக்கு நஷ்டம் என்ன? ஒரு மேசை விளக்கு கொஞ்ச நேரம் எரிந்தது, அவ்வளவுதான். அந்த இடத்தில் ஓர் அயர்ன் பாக்ஸ் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? உங்கள் கணவரின் கேள்விக்கு நான் இங்கிருந்துதான் பதில் சொல்வேன். இந்த ரிமோட் பேசும், கேட்காது. பட்டனை அமுக்கினீர்கள், அங்கே ஆன் ஆனதா இல்லையா என்று அதற்குத் தெரியாது. அறைக்கு வெளியே இருந்தால் உங்களுக்கும் தெரியாது. ஆகவே எந்தச் சாமானை மாட்டுவதற்கு முன்னாலும் இரண்டு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள். யாரும் பார்க்காதபோது இது தானாக ஓட ஆரம்பித்தால் என்ன ஆகும்? யாரும் பார்க்காதபோது இது தானாக நின்றுபோனால் என்ன ஆகும்? விளக்கு இரண்டிலும் தேறும். டேபிள் ஃபேனும் தேறும், பக்கத்தில் துணி காயப்போடாமல் இருந்தால். அயர்ன் பாக்ஸ், பக்கெட்டில் போடும் வாட்டர் ஹீட்டர் காயில், கரண்ட் அடுப்பு எல்லாம் முதல் கேள்வியிலேயே ஃபெயில். ஃபிரிட்ஜும், படுக்கையில் இருப்பவருக்கு வைத்திருக்கும் ஆக்ஸிஜன் மெஷினும் இரண்டாவது கேள்வியில் ஃபெயில்.

மோட்டார் மூன்றாவதாக ஒரு விதத்தில் ஃபெயில் ஆகும். நான் கண்ணால் பார்த்தது. ஒரு வீட்டில் அரை எச்.பி. மோட்டாரை இந்த மாதிரி பிளக்கில் மாட்டிவிட்டு, மாடியிலிருந்தே போட்டு அணைத்துக்கொண்டிருந்தார்கள். இரண்டு மாதம் ராஜ வாழ்க்கை. ஒரு நாள் ராத்திரி பதினோரு மணிக்கு எனக்குப் போன். டேங்க் நிரம்பி சன்ஷேடு வழியாக அருவி மாதிரி கொட்டுகிறது, ரிமோட்டை அமுக்கினால் மோட்டார் நிற்கவில்லை. போய்ப் பார்த்தால், பட்டனை அமுக்க அமுக்க பிளக்கில் சிவப்பு விளக்கு ஒழுங்காக அணைகிறது, எரிகிறது. 'டிக்' என்ற சத்தம் மட்டும் இல்லை. சுவர் சுவிட்சை அணைத்து நிறுத்தினேன்.

மறுநாள் அதைப் பிரித்தேன். உள்ளே பெருவிரல் நுனி அளவுக்கு நீலமாக ஒரு கட்டி இருக்கும், அதுதான் ரிலே, கரண்டைப் போட்டு அணைக்கும் குட்டிச் சுவிட்ச். மேலே 10 ஆம்பியர், 250 வோல்ட் என்று அச்சடித்திருந்தது. அதைப் பார்த்துத்தான் வீட்டுக்காரர் தைரியமாக மாட்டியிருக்கிறார். அரை எச்.பி. மோட்டார் ஓடும்போது இழுப்பது மூன்று நான்கு ஆம்பியர்தானே, தாங்காதா என்று. அந்தப் பத்து, ஹீட்டர் மாதிரி ஒரே சீராக இழுக்கும் சாமானுக்கான கணக்கு. மோட்டார் கிளம்புகிற அந்த நொடியில் ஓடும் கரண்டைப்போல ஐந்து ஆறு மடங்கு இழுக்கும். ரிலேக்குள் ஒன்றையொன்று தொடுகிற இரண்டு உலோகப் புள்ளிகள் துவரம்பருப்பு அளவுகூட இருக்காது. ஒவ்வொரு தடவையும் அங்கே சின்னதாகப் பொறி பறந்து, மேல்தோல் உருகி, ஒருநாள் இரண்டும் ஒட்டிக்கொண்டது. ஸ்க்ரூடிரைவர் நுனியால் நெம்பினேன், 'பட்'டென்று விட்டது. கரிந்த வாடை இரண்டு நாள் கையில் இருந்தது.

மோட்டாரை ரிமோட்டில்தான் ஓட்ட வேண்டும் என்றால் அதற்கு முறை இருக்கிறது. மோட்டாரின் கரண்ட் தடிமனான புள்ளிகள் உள்ள, கான்டாக்டர் என்கிற பெரிய ரிலே வழியாகப் போக வேண்டும். ரிமோட் அந்தப் புள்ளிகளை இழுக்கும் காயிலை, அதாவது கம்பிச்சுருளை, மட்டும் இயக்கினால் போதும். பேனல் பாக்ஸ் போடுகிற வயர்மேனிடம் சொன்னால் செய்து கொடுப்பார். கூடவே டேங்க் நிரம்பினால் தானாக நிறுத்தும் ஃப்ளோட் சுவிட்சும் போடச் சொல்லுங்கள். அதைப் போட்டபின் ரிமோட்டே தேவையில்லை என்று உங்கள் கணவருக்குத் தோன்றக்கூடும்.

ஹீட்டர் கணக்கு சுருக்கமானது. 2000 வாட் ஹீட்டர் 230 வோல்ட்டில் எட்டே முக்கால் ஆம்பியர் இழுக்கும், அதுவும் பதினைந்து இருபது நிமிஷம் விடாமல். 3000 வாட் உடனடி ஹீட்டர் 13 ஆம்பியர். 10 ஆம்பியர் என்று எழுதிய பிளக்கில் முதலாவது விளிம்பில் நிற்கிறது, இரண்டாவது விழுந்தே விட்டது. அதோடு, எல்லா நாட்டுப் பின்னும் நுழைகிற மாதிரி வாயைப் பிளந்துகொண்டிருக்கும் சாக்கெட் எந்தப் பின்னையும் கெட்டியாகப் பிடிக்காது. பிடிப்பு தளர்ந்த இடத்தில் சூடு, சூட்டில் பிளாஸ்டிக் இளகி இன்னும் தளர்ச்சி. பவர் பிளக்கிலிருந்து அடாப்டர் போட்டு இதற்குள் இறக்கினால் கேட்கவே வேண்டாம். பாத்ரூம் ஹீட்டருக்கு பேஸ் (கரண்ட் வரும் கம்பி), நியூட்ரல் (திரும்பிப் போகும் கம்பி) இரண்டையும் சேர்த்துத் துண்டிக்கும் டி.பி. சுவிட்ச்தான் சரி. குளிக்கப் போகும்முன் அதைக் கையால் அணைத்துவிட்டுத்தான் போக வேண்டும்.

இரண்டையும் துண்டிப்பதை ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், ரிமோட் பிளக்கில் இருக்கும் ரிலே பெரும்பாலும் ஒரு கம்பியை மட்டும்தான் துண்டிக்கும். அது பேஸ் கம்பியாக இருந்தால் நல்லது. சாக்கெட்டைப் பார்த்து நின்றால் மேலே பெரிய ஓட்டை எர்த், வலது கைப்பக்கம் பேஸ், இடது பக்கம் நியூட்ரல். இப்படித்தான் இருக்க வேண்டும். பழைய வீடுகளில் பாதி போர்டில் இது மாறிக் கிடக்கும். மாறிக் கிடந்தால் ரிமோட் துண்டிப்பது நியூட்ரலை. விளக்கு அணைந்திருக்கும், ஹோல்டரில் பேஸ் நின்றுகொண்டிருக்கும். பல்பு மாற்றக் கை வைத்தால் ஷாக். வயர்மேனை வைத்து அந்த அறை சாக்கெட்டில் டெஸ்டரைப் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள், வலது ஓட்டையில் மட்டும் எரிய வேண்டும். அது சரியாகவே இருந்தாலும், பல்பு மாற்றும்போது ரிமோட்டில் அணைத்ததை அணைத்ததாக எண்ணாமல் சுவர் சுவிட்சையும் அணையுங்கள். மெயினில், கரண்ட் கசிந்தால் உடனே துண்டிக்கும் 30 மில்லிஆம்பியர் ஆர்.சி.சி.பி. இருக்கிறதா என்றும் ஒரு பார்வை பார்த்துவிடச் சொல்லுங்கள். ஓட்டு வீடு, மழைக்கால ஈரச் சுவர் என்றால் அது இல்லாமல் இருக்கவே கூடாது.

பில்லுக்குப் பயப்பட வேண்டாம். ரிமோட் எப்போது கூப்பிடும் என்று காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்க ஒவ்வொரு பிளக்குக்கும் அரை வாட்டிலிருந்து ஒரு வாட் வரை வேண்டும். மூன்றும் தலா ஒரு வாட் என்றே வைத்துக்கொண்டாலும் இரண்டு மாதத்துக்கு நாலரை யூனிட்டைத் தாண்டாது. வேடிக்கை என்னவென்றால், அரை வாட் எல்.இ.டி. நைட் லாம்ப் ஒன்றை ராத்திரி பத்து மணி நேரம் எரியவிட்டால் இரண்டு மாதத்துக்கு ஆகிற செலவு ஒரு யூனிட்டில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. விளக்கைப் போடுவதற்காகக் காத்திருக்கிற பிளக், எரிந்துகொண்டே இருக்கும் குட்டி விளக்கைவிட அதிகம் சாப்பிடுகிறது. அந்தக் காலத்து ஜீரோ வாட் குண்டு பல்பை இதில் சேர்க்காதீர்கள், பெயர்தான் ஜீரோ, இழுப்பது 15 வாட் வரை.

அதனால் மாமியாரின் அறைக்கு நான் முதலில் சொல்வது அந்த எல்.இ.டி. குட்டி விளக்குதான். கட்டிலுக்கும் பாத்ரூமுக்கும் நடுவில் முழங்கால் உயரத்தில் எங்காவது இருக்கட்டும். இருட்டு என்கிற பிரச்சினையே போய்விடும். மேசை விளக்கு, மருந்து எடுக்கவும் மணி பார்க்கவும். கையில் காசிருந்தால், கட்டில் பக்கத்தில் இன்னொரு சுவிட்ச் வைத்து டூ-வே வயரிங் செய்துவிடலாம். மாடிப்படிக்கு மேலே ஒன்று கீழே ஒன்று இருக்குமே, அதே ஏற்பாடு. சுவரைக் கொத்த வேண்டாம், சுவர்மேல் பொருத்தும் மூடி போட்ட பட்டையில் (கேசிங் கேப்பிங்) அரை நாள் வேலை. பேட்டரி கிடையாது, எண் கிடையாது, பக்கத்து வீடும் கிடையாது. என் தொழிலில் இத்தனை வருஷத்துக்குப் பிறகும், கையால் தொட்டால் 'டக்' என்று விழுகிற சுவிட்சுக்கு ஈடாக நான் எதையும் நம்புவதில்லை. இது வயசாளி பேச்சு என்று எடுத்துக்கொண்டாலும் சரி.

ரிமோட்டே போதும் என்றால், அதை ஒழுங்காக உழைக்க வைக்கச் சில விஷயங்கள். சுவர் சுவிட்ச் எப்போதும் ஆன், விளக்கின் சொந்தச் சுவிட்சும் ஆன். இரண்டில் எதை யார் அணைத்தாலும் ரிமோட் ஊமையாகிவிடும். படுக்கப் போகும்முன் வீட்டுச் சுவிட்சையெல்லாம் அணைக்கிற நல்ல பழக்கம் உள்ளவர் உங்கள் வீட்டிலும் ஒருவர் இருப்பார், அவருக்காக அந்தச் சுவிட்சின் மேல் ஒரு செல்லோ டேப் ஒட்டுங்கள். பிளக்கை இரும்பு பீரோவுக்குப் பின்னால் வைக்காதீர்கள், அலை உள்ளே நுழையாது. அட்டைப்பெட்டியில் போட்டிருக்கும் 30 மீட்டர் வெட்டவெளிக் கணக்கு. வேண்டாத பட்டன்கள் மேல் பிளாஸ்திரி ஒட்டிவிட்டு, ஆன் பட்டனில் மட்டும் நெயில் பாலிஷ் ஒரு சொட்டு வைத்துக் காயவிட்டால், இருட்டில் விரல் அதைக் கண்டுபிடித்துக்கொள்ளும்.

இன்வெர்ட்டர் இருக்கிறதா என்று நீங்கள் எழுதவில்லை. இருந்து, அது பழைய ஸ்கொயர் வேவ் வகை (ஈ.பி. கரண்ட் மாதிரி வழுவழுப்பாக ஏறி இறங்காமல் சட்டென்று தாவுகிற கரண்ட்) என்றால் இந்த பிளக்குகளுக்கு ஆயுள் குறைவு. மலிவான செட்டில் டிரான்ஸ்ஃபார்மர் இருக்காது, ஒரு கெப்பாசிட்டர் வழியாகத்தான் உள்ளே கரண்ட் இறங்கும். ஸ்கொயர் வேவில் அது அளவுக்கு மீறி இழுத்துச் சூடாகும். நாளாக நாளாக அந்தக் கெப்பாசிட்டர் மெலிந்து, சிவப்பு விளக்கு எரியும், ரிலேயை இழுக்கத் தெம்பு இருக்காது. 'டிக்' சத்தம் சோனியாகி வந்தால் பிளக்கின் காலம் முடிகிறது என்று அர்த்தம். பிரித்துப் பார்க்க ஆசைப்பட வேண்டாம், டிரான்ஸ்ஃபார்மர் இல்லாததால் உள்ளே எதைத் தொட்டாலும் மெயின் கரண்டைத் தொட்டதுதான்.

வீட்டில் பேரக்குழந்தைகள் இருந்தால் இன்னொன்று. ரிமோட்டுக்குள் இருப்பது குட்டிச் சிலிண்டர் மாதிரி 12 வோல்ட் பேட்டரியா, காசு மாதிரி வட்டமான பேட்டரியா என்று பாருங்கள். வட்டமானது என்றால் மூடியை ஸ்க்ரூ போட்டு முடுக்கி வையுங்கள். அதைக் குழந்தை விழுங்கிவிட்டால் இரண்டு மணி நேரத்துக்குள் உணவுக்குழாயைச் சுட்டுப் புண்ணாக்கிவிடும். வெளியே வந்துவிடும் என்று வாழைப்பழம் கொடுத்துக் காத்திருக்கிற சமாசாரம் இல்லை, உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்.

மீதி இரண்டு பிளக்கும் வீணாகப் போகிறதே என்று உங்கள் கணவர் கேட்பார். ஒன்றை டேபிள் ஃபேனுக்கு வையுங்கள். ஃபேனின் ஸ்பீடு பட்டன் அமுக்கிய நிலையிலேயே நிற்கிற வகையாக இருந்தால் ரிமோட்டுக்கு அடங்கும், தொட்டால் ஒளிரும் பட்டன் வகை அடங்காது. இன்னொன்று சாமி படத்தைச் சுற்றிப் போடும் சீரியல் லைட்டுக்கு. மார்கழியில் நாலரை மணிக்கு அது தானாக எரிந்தால் உங்கள் மாமியார் என்ன சொல்வார் என்று மட்டும் எனக்கு எழுதுங்கள்.